பழைய சோவியத் காமிராக்கள்

பழம்பொருள் சேகரிப்பு என்றால் நம்மில் பலருக்கு நாணயங்களும் அஞ்சல் தலைகளும் ஓலைச் சுவடிகளுமே நினைவுக்கு வரும். காமிராக்களைச் சேகரிப்பவரும் உண்டு என்றால் சிலர் வியப்படைவர். அவர்களுள்ளும், சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட காமிராக்களை மட்டுமே நாடித் திரிகின்ற ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது என்றால், 'இஃதென்ன பித்து!' என்று நகைப்பவரும் இருப்பர். அப்பித்துக் கொண்டவருள் நானும் ஒருவன். மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் 36 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். என்னிடம் இருப்பவை பதினொரு கருவிகளே. பெருஞ் சேகரிப்பு என்று சொல்வதற்கில்லை. அப்பதினொன்றில் ஒன்று போலி. அந்தப் போலியைப் பற்றியே இங்கு மிகுதியாகப் பேசப் போகிறேன்.

1960களின் இறுதியிலும் 1970களிலும் மதுரைப் பக்கத்தில் பள்ளிக்குச் சென்றவர்கள் 'சோவியத் நாடு' என்னும் இதழை மறந்திருக்க மாட்டார்கள். அதைப் படித்தார்களோ இல்லையோ, அதன் வழவழப்பான தாள்களைப் பிரித்துப் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருப்பார்கள். என் கணக்குப் புத்தகத்தின்மேல் ஓராண்டு முழுவதும் டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் சிரித்துக்கொண்டேயிருந்தாள். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு அவள் சிரித்தது பொருத்தமே. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மிகக் குறைந்த விலைக்கு விற்றது. ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்'பும், பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கத'யும் எங்களுக்குக் கிடைத்தது அவ்வழியேதான். 1991ஆம் ஆண்டு திசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்நூல்களின் வரவும் நின்றது. அதன்பின் பல்லாண்டுகள் புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் அவை தூசி படிந்து கிடந்தன. அக்கடைகளும் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்குச் சென்றுவிட்டன.

நூல் வந்த நாட்டிலிருந்து கருவிகளும் வந்தன. இந்தியாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் 1953இல் வாணிக உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் முறையும் வந்தது. அயல்நாட்டுச் செலாவணி அருமையாயிருந்த அக்காலத்தில் ஜெர்மானியக் காமிராவும் ஜப்பானியக் காமிராவும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு எட்டாக் கனிகளாக இருந்தன. ருஷ்யக் காமிராவோ, எடை மிகுந்ததாயினும் விலை குறைந்தது. நான் முதன்முதலிற் கண்டது எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரிடம் இருந்த 'லூபிதெல்'. அச்சொல்லுக்கு ருஷ்ய மொழியில் 'விரும்பிப் பயில்பவன்' என்று பொருள். 1949 முதல் லெனின்கிராடில் செய்யப்பட்டது. கறுத்த பேக்கலைட் உடல். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள். மேற்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. தலையைக் குனிந்து மேலிருந்து நோக்கினால் உருவம் நிமிர்ந்தே தெரியும், ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். ஒத்தக்கடைக்கு அழைத்துச் சென்று ஆனைமலையை அதன்வழி எங்களுக்குக் காட்டினார் ஆசிரியர். தெற்கு நோக்கிப் படுத்திருந்த யானை வடக்கு நோக்கித் திரும்பிவிட்டதென்று நாங்கள் கூச்சலிட்டோம். ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்னும் பாடத்தை அதன்பின் எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இனிப் போலியின் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைத் தமிழ்ச் சங்கம் சாலையோரத்தில் பழம்பொருள்கள் விரிக்கப்படும். 2011ஆம் ஆண்டு ஒரு நாள் அங்கே, துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே, பொன் முலாம் பூசிய ஒரு சிறு காமிராவைக் கண்டேன். அதன் தலையில் 'லைக்கா' என்னும் பெயரும், ஐந்து வளையங்களும், 'பெர்லின் 1936' என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தின்போது சிறப்பாகச் செய்யப்பட்டதென்றும், போரில் தப்பி வந்ததென்றும் விற்றவர் சொன்னார். 'உங்களைப் போன்ற படித்தவர்களுக்குத்தான் சார் இதன் அருமை தெரியும்' என்றார். அந்தச் சொல்லே என்னை வீழ்த்தியது. பதினாலாயிரம் ரூபாய் கொடுத்தேன். வீட்டில் ஆறாயிரம் என்று சொன்னேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, அவள் அன்றே கண்டுபிடித்துவிட்டாள்.

பணம் போனது பெரிதன்று. அவ்வாண்டு எங்கள் பள்ளி அறிவியற் கண்காட்சியில் அக்கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'ஜெர்மானிய லைக்கா, பெர்லின் ஒலிம்பிக் பதிப்பு, 1936' என்று என் கையாலேயே அட்டை எழுதி வைத்தேன். மாணவர்களை வரிசையாக நிறுத்தி அதன் வரலாற்றையும் விளக்கினேன். ஏறத்தாழ நானூறு பிள்ளைகள் அதைக் கேட்டனர். பலர் குறிப்பேட்டில் எழுதியும் கொண்டனர்.

சில மாதங்கள் கழித்து, ஷட்டர் சரியாக மூடாமையால் அதை நகரத்தில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றேன். அவர் லென்ஸைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒருமுறை விளக்கடித்துப் பார்த்தார். லென்ஸை மீண்டும் மாட்டி என்னிடமே நீட்டினார். 'சார், இது லைக்கா இல்லை. ருஷ்யா சாமான். ஆனால் நல்ல சாமான்' என்றார்.

எப்படி அறிந்தார் என்பதைச் சொல்கிறேன். வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும். தொலைவைக் கணிக்கும் தூரமானி உள்ள இவ்வகைக் கருவிகளில், லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு உடலுக்குள்ளே ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளும். மெய்யான லைக்காவில் அந்நெம்புகோலின் நுனியில் ஒரு சிறு உருளை சுழலும். சோவியத் கருவிகளிலோ உருளை இராது. மழுங்கிய முக்கோணம் போன்ற ஓர் உலோகத் துண்டு இருக்கும். மேலே என்ன முலாம் பூசினாலும், எந்தச் சின்னம் பொறித்தாலும், போலி செய்வோர் உட்பகுதியை மாற்றுவது அரிது. ஐந்து வளையங்களோடும், ஜெர்மானிய விமானப் படையின் சின்னத்தோடும், பொன்னிறத்தோடும் சந்தையில் திரிகின்ற 'லைக்கா'க்களை நம்பாதீர்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் பழைய 'ஃபெத்' காமிராக்களையும் 'ஸோர்க்கி' காமிராக்களையும் வாங்கி, எழுத்தைத் தேய்த்து, வேறு எழுத்துப் பொறித்து, அயல்நாட்டாருக்கு விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. என்னுடையது அவ்வாறு வேடமிட்ட ஒரு ஃபெத்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள், அந்த ஃபெத் என்பதுதான் என்னவென்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எப்போதோ கேட்ட ஒரு பெயர் எதிரே வந்து நின்றது: அந்தோன் மக்காரென்கோ.

உக்ரேனில் ஒரு ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகனாக 1888இல் பிறந்து பள்ளி ஆசிரியரானவர் அவர். முதல் உலகப் போரும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து அந்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளை அனாதைகளாக்கித் தெருவில் விட்டிருந்தன. திருடியும் இரந்தும் பிழைத்த அப்பிள்ளைகளைத் திருத்தும் பொறுப்பு 1920இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொல்தாவா நகருக்கு அருகே அவர் நடத்திய இல்லத்துக்கு மக்ஸீம் கார்க்கியின் பெயர் இடப்பட்டது. 1927இல் கார்க்கோவ் நகரத்தருகே இரண்டாவது இல்லம் ஒன்று தோன்றியது. பீலிக்ஸ் எத்முந்தொவிச் ஜெர்ஸின்ஸ்கி என்பவரின் நினைவாக எழுந்த அதன் பெயர் ஜெர்ஸின்ஸ்கி கம்யூன். அப்பெயரின் மூன்று முதலெழுத்துகளே 'ஃபெத்' ஆயின.

அங்கே பிள்ளைகள் முதலில் மரச்சாமான் செய்தனர். 1932இல் கையிற் பிடித்து இயக்கும் மின்துளைப்பான்களைச் செய்யத் தொடங்கினர். அதுவரை அந்நாடு அவற்றை வெளியிலிருந்து வாங்கி வந்தது. அவ்வாண்டு ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்து தூரமானியோடு கூடிய இரண்டாம் லைக்கா வெளிவந்திருந்தது. அக்கருவி ஒன்றைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, அதே 1932ஆம் ஆண்டு இறுதிக்குள் மாதிரிக் காமிராக்கள் சிலவற்றை கம்யூனில் செய்து முடித்தனர். 1934 முதல் தொடர்ந்து உற்பத்தி நடந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு பிசகினாலும் படம் தெளியாத நுண்தொழில் அது. சில ஆண்டுகளுக்குமுன் ரயில் நிலையங்களில் பை அறுத்துக்கொண்டிருந்த கைகள் அதைச் செய்தன. அக்கைகளுக்குரியவர் பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். நாள்தோறும் நான்கு மணி நேரம் பட்டறையிலும் ஐந்து மணி நேரம் வகுப்பிலும் இருந்தவர்கள். தொடக்க கால ஃபெத் கருவிகளின் தலையில், 'ஜெர்ஸின்ஸ்கி உழைப்புக் கம்யூன், கார்க்கோவ்' என்றே பொறித்திருக்கும். என் கருவியில் தேய்த்தழிக்கப்பட்டது அத்தகைய ஓர் எழுத்தே.

ஒரு தலைமையாசிரியன் அதைப் படித்தபின் சும்மா இருத்தல் இயலுமா? மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்முன் நின்று, கண்காட்சியில் நான் எழுதிய அட்டை தவறு என்றும், என்னை ஒருவர் ஏமாற்றினார் என்றும், நான் சரிபாராமல் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றும் சொன்னேன். சொல்வதற்குமுன் நாக்கு உலர்ந்ததென்னவோ உண்மை. உதவித் தலைமையாசிரியர், 'இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா சார்? யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?' என்று முன்னமே தடுத்துப் பார்த்தார். பிறகு கார்க்கோவ் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது கைதட்டல். கிடைத்தது ஒரு கேள்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, 'ஐயா, அந்தப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்தார்களா?' என்று கேட்டாள்.

எங்கள் பள்ளிக்குத் தெற்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கமெல்லாம் தீப்பெட்டித் தொழில். அப்பெண்ணின் அக்காள் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் குச்சி அடுக்கப் போனவள் என்பதை நான் அறிவேன். குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. எனினும் வீட்டுக்கு வீடு சட்டத்துக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. அவள் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். கூலி கொடுத்தார்கள், அதில் ஒரு பகுதி, இல்லத்தை விட்டுச் செல்லும் நாளுக்கென்று அவரவர் பெயரில் சேமிக்கப்பட்டது, பட்டறை வேலைக்காக வகுப்பு நிறுத்தப்படவில்லை. 'அப்படியென்றால் சரி' என்று உட்கார்ந்தாள், தணிக்கை அதிகாரி கோப்பில் கையெழுத்திடுவது போல.

ஆனால் முழுவதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். அவ்வில்லத்தைப் பேணியது சோவியத் இரகசியப் போலீசு. ஜெர்ஸின்ஸ்கி அதை நிறுவியவர். ஒரு கையால் அனாதைகளுக்குப் பள்ளி கட்டிய அத்துறை, மறு கையால் 1930களில் எண்ணற்ற குடும்பங்களிலிருந்து தந்தையரைக் கொண்டுபோய் அனாதைகளைப் பெருக்கியது. கார்க்கோவைச் சுற்றிய உக்ரேன் நாட்டுப்புறத்தில் 1932, 1933ஆம் ஆண்டுகளில் கொடும் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றதும், ஃபெத் காமிரா பிறந்ததும் ஒரே காலம். மக்காரென்கோ 1935இல் அவ்வில்லத்தை விட்டுச் சென்றார், 1939இல் மறைந்தார். சேகரிப்பாளருள் சிலர் அக்காமிராவைக் காட்டிச் சோவியத் ஆட்சியைப் புகழ்வர். சிலர் அப்பெயரைக் காட்டி அக்காமிராவையே வெறுப்பர். கருவியைச் செய்த பிள்ளைகள் இவ்விரு சாராரின் பேச்சிலும் வருவதில்லை என்பதே என் குறை.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஃபெத் ஆலை சைபீரியாவிலுள்ள பெர்த்ஸ்க் நகருக்கு மாற்றப்பட்டது. போருக்குப்பின் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதே அமைப்பில் 1948 முதல் 'ஸோர்க்கி' என்னும் கருவியைச் செய்தது; 'கூரிய பார்வையுடையது' என்று அதற்குப் பொருள். அந்த ஸோர்க்கிக்குள் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, லென்ஸ் காண்பதையே நாமும் காணுமாறு செய்தபோது 1952இல் 'ஸெனித்' பிறந்தது. போர் இழப்பீடாக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துக் 'காண்டாக்ஸ்' காமிராவின் பொறிகளும் உறுப்புகளும் கீவ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1947 முதல் அங்கே வெளிவந்தது 'கீவ்'. இளையோருக்கான மலிவுக் கருவி 'ஸ்மேனா'. அதன் 8எம் வகை மட்டும் இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டது. ஆகவே ஸ்மேனாவை அரும்பொருள் என்று சொல்லி எவராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். முதல் வகை ஃபெத் கூட 1955 வரை ஏறத்தாழ ஏழு லட்சம் செய்யப்பட்டது. இவற்றின் மதிப்பு அருமையில் இல்லை.

இவற்றை மதுரையில் வைத்துக் காப்பது தனி வேலை. இங்கே ஆண்டில் பெரும்பகுதி வெயிலும் புழுதியும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஈரம். வெயிலில், முதுமையடைந்த சோவியத் கிரீஸ் கெட்டிப்பட்டு லென்ஸ் திரும்பாமல் இறுகும். வலிந்து திருப்பாதீர்கள், கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இடச் செய்யுங்கள். ஈரக் காலத்தில் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். அழகாயிருக்கிறதே என்று தோல் உறையிலேயே கருவியைப் பூட்டி வைப்பவர்களுக்கு இக்கேடு விரைவில் வரும். ஏனெனில் தோல் ஈரத்தை விடாது. நான் உறையைத் தனியாகவும், கருவியை நீருறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவிலும் வைக்கிறேன். உடலைப் போர்த்திய தோலின் அடியில் பித்தளையில் களிம்பு ஏறி, பச்சைக் கொப்புளங்களாகத் தடித்தெழுவதும் உண்டு. அது கருவிக்குக் கேடு செய்வதில்லை, விலையைக் குறைத்துக் கேட்க நமக்கு உதவும்.

வாங்குமுன் லென்ஸைக் கழற்றி உடலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்புறமிருந்து நோக்குங்கள். ஷட்டர் ரப்பர் பூசிய துணியாலானது. அதில் ஊசித் துளை இருந்தால் விண்மீன் போல ஒளி தெரியும். அடித்தட்டு வழியாகப் படச்சுருள் நுழைக்கும் முதல் வகை ஃபெத்தில் இதைப் பார்ப்பது எளிதன்று. ஓரிரு படம் எடுத்தே அறிய வேண்டும். அதற்குச் சுருளின் நுனியை ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதி அகலமாக நறுக்கிக்கொள்வதும் வேண்டும். அவ்வாறு நறுக்காமல் திணித்துக் கருவியைக் கெடுத்தவர் பலர். இன்னொன்றையும் மறவாதீர்கள்: படச்சுருளை முன்னேற்றி ஷட்டரை ஆயத்தப்படுத்திய பின்னரே வேகத் திருகைத் தூக்கித் திருப்ப வேண்டும். முன்னதாகத் திருப்பினால் சில வகைகளில், சிறப்பாக ஸோர்க்கியின் பிந்திய வகைகளில், உள்ளுறுப்பு முறியும். நம் நாட்டில் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஒரு காலத்தில் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் செய்தது, அது மூடப்பட்டுவிட்டது. இன்று சுருள் வெளிநாட்டிலிருந்தே வருகிறது, விலையும் கடுமை. ஆகவே நான் ஆண்டுக்கு மூன்று சுருளுக்கு மேல் எடுப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு வணிகர் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பொன்னிறக் கருவியைக் கேட்டார். அது போலி என்று நான் சொன்னபோது, 'எனக்கும் தெரியும் சார். வாங்குகிறவனுக்குத் தெரியாது' என்று அமைதியாகச் சொல்லி முப்பதாயிரம் ரூபாய் தருவதாகக் கூறினார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு, பொய் எழுத்தைத் தேய்த்தழித்து, கார்க்கோவின் பெயரையே மீண்டும் பொறிக்கலாமா என்று அந்த முதிய மெக்கானிக்கைக் கேட்டேன். 'அதுவும் போலிதானே சார்' என்றார் அவர். அதனால் விட்டுவிட்டேன்.

கருவி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை. இம்முறை என் கையெழுத்தில், 'ஃபெத். சோவியத் ஒன்றியம். மேலுள்ள எழுத்து பிறர் பொறித்தது' என்று மட்டும் இருக்கிறது. ஷட்டரில் இருபதில் ஒரு நொடி முதல் ஐந்நூறில் ஒரு நொடி வரை எல்லா வேகங்களும் இயங்குகின்றன. கடைகள் நீங்கியபின் புதுமண்டபத் தூண்களை அதனால்தான் படமெடுத்தேன். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயத் தளபதி அதே தூண்களை மெழுகூட்டிய தாளில் படமாக்கியிருக்கிறார். அவர் நின்ற இடத்தைக் கணித்து நிற்க முயன்றேன். காவலாளி, அங்கே நிற்கக் கூடாது என்று விலக்கிவிட்டார். சுருளில் இன்னும் ஒன்பது படங்கள் மீதமிருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கென்று அவற்றை வைத்திருக்கிறேன்.